பந்து இல்லாத படம்

என் மனைவி வர்ஷினி கடைசியாக என்னிடம் வாங்கிக்கொண்டு போனது ஒரு பிடி பனியன் வேஸ்ட். கணபதி என்கிற பகுதியில் எனக்கு லேத் பட்டறை. திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் அந்தத் துணிக்கழிவில்தான் நாங்கள் கை துடைப்போம். மேட்ச்சைப் படமெடுக்கப் போகும் நாளெல்லாம் அவள் அதில் வெள்ளையாகப் பார்த்துப் பொறுக்கிக் கேமரா பைக்குள் திணித்துக்கொள்வாள், மைதானத்து மண்ணைத் துடைக்க. அன்றைக்கும் பொறுக்கினாள். "போயிட்டு வாரேனுங்க மாமா" என்றாள். லேத் ஓடிக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். வெள்ளகோவில் போகும் வழியில் அவள் போன கார் மீது லாரி மோதிவிட்டது.

அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அதற்குச் சில மாதங்கள் முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதலாம்.

வர்ஷினி ஒரு பத்திரிகைக்கு விளையாட்டுப் படங்கள் எடுத்தாள். கபடி, வாலிபால், பைக் ரேஸ், எதுவானாலும். அவள் படம் வராத வாரம் கிடையாது. ஆனால் ஒரு படமாவது சுவரில் தொங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பட்டறை லீவு என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு ஆர்ட் கேலரி பார்க்கக் கிளம்பினாள்.

அவிநாசி ரோட்டில் இருந்த கேலரியில் ஓடும் குதிரை ஒன்றைப் பெரிதாக வரைந்து மாட்டியிருந்தார்கள். நான் கால்களை எண்ணினேன்.

"ஏன் கண்ணு, இதுக்கு ஏழு காலு இருக்குது?"

"ஓடுதில்லீங்களா மாமா, அதான்."

"ஓடுனா காலு முளைக்குமா?"

"மெதுவாப் பேசுங்க. வரைஞ்சவரு அங்கதான் நிக்கறாரு."

அடுத்தது ஆர்.எஸ். புரம். அங்கே அன்புமணி என்ற அம்மாள் தன் வீட்டின் கீழ்த்தளத்தையே கேலரியாக வைத்திருந்தார். அடுத்த மாதம் வேகத்தைப் பற்றி ஒரு கண்காட்சி. அதில் ஒரே ஒரு படத்துக்கு இடம் மிச்சம் இருந்தது. வர்ஷினி கொண்டுபோன படங்களை அவர் அவசரப்படாமல் பார்த்தார்.

"எல்லாமே நல்லா இருக்குதுங்க அம்மணி. ஆனா ஒருக்கா பாத்தாலே எல்லாம் புரிஞ்சுபோயிருது. செவுத்துல தொங்கறதை மறுபடியும் பாக்கத் தோணோணும். சாயங்காலத்துக்குள்ள வேற ஏதாச்சும் அனுப்பிப் பாருங்க. காலையில படமெல்லாம் பிரிண்ட்டுக்குப் போயிரும்."

வெளியே வந்து ஸ்கூட்டரில் சாவியைப் போட்டாள். "அவங்க சொல்றது நெசந்தானுங்க" என்றாள். பிறகு, "சூலூர்ல வாலிபால் பிராக்டிஸ் இருக்குது. ஏறுங்க."

மைதானத்தில் அவள் முதலில் ஷட்டரை மெதுவாக வைத்து எடுத்தாள். ஆட்கள் கரைந்து சேமியா பாயசம் மாதிரி வந்தார்கள். பனியன் வேஸ்ட் ஒன்றை மெல்லியதாக இழுத்து லென்ஸ் முன்னால் கட்டினாள். அந்த வெயிலிலும் படத்தில் மார்கழிப் பனி பெய்தது. தரையில் படுத்து வலைக்கண் வழியாக எடுத்தாள். எப்படி எடுத்தாலும் நடுவில் பந்து இருந்தது. பத்திரிகையில் பந்து இல்லாத படம் செல்லாது. பந்து கைக்கு வருவதற்கு ஒரு கணம் முன்பே அமுக்கிப் பழகிய விரல் அவளுடையது.

"வெரலு பேச்சுக் கேக்க மாட்டேங்குதுங்க மாமா. பந்தைக் கண்டா அதுவே அமுக்கிப்போடுது."

கேமராவை ஸ்டாண்டில் ஏற்றி, ஒரு அணி மட்டும் தெரிகிற மாதிரி வைத்து, ரிமோட்டை என் கையில் கொடுத்தாள்.

"எப்ப அமுக்கறது?"

"உங்களுக்குத் தோணறப்ப. நான் பாக்கல." திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு வாலிபால் தெரியாது. யாராவது எகிறினால் வாய் பார்ப்பேன். பார்த்து முடித்த பிறகுதான் ரிமோட் ஞாபகம் வரும். பந்துச் சத்தத்தையும் கேமராச் சத்தத்தையும் வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"மாமா, அவன் அடிச்சு முடிச்சு ஊட்டுக்கே போயிட்டான். இப்ப அமுக்கறீங்க."

"அப்ப நீயே அமுக்கு."

"வேண்டாமுங்க. நல்லாத்தான் போகுது."

பேக்கரியில் டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக்கொண்டு படங்களைப் பார்த்தோம். சட்டையில் முகம் துடைக்கிறவன், டவுசரை ஏற்றிவிடுகிறவன். ஒரு படம் வந்ததும் அவள் பன்னைக் கீழே வைத்தாள். பந்து எகிறிப்போய்ப் பக்கத்துப் புளியமரத்தில் மாட்டிக்கொண்ட நேரம் அது. ஆறு பேரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஒருவன் இரண்டு கையையும் தலையில் வைத்திருக்கிறான். விழுந்து கிடந்தவன் கிடந்தபடியே பார்க்கிறான். படத்தில் பந்தும் இல்லை, மரமும் இல்லை.

உடனே அதை அன்புமணி அம்மாளுக்கு அனுப்பினாள். டீ ஆறிய பிறகு போன் வந்தது. நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மணி, இவங்க எதைத்தான் பாக்கறாங்க? நானும் மேல பாத்துப்போட்டனே. இதையே மாட்டிக்கலாமுங்க."

"அமுக்குனது எங்க ஊட்டுக்காரருங்க."

"அப்ப ரெண்டு பேரு பேரையும் போட்டுரலாம்."

"லேட்டா அமுக்குனதுக்கெல்லாம் பேரா?" என்றேன்.

"எனக்கு லேட்டா அமுக்கத் தெரியலையே மாமா" என்று மீதிப் பன்னை என் தட்டில் வைத்தாள்.

திரும்பும்போது சிங்காநல்லூர் சிக்னலில் அவள் சும்மா அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள். பக்கத்தில் பைக்கில் நின்றவரும் பார்த்தார். பின்னால் ஆட்டோவிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. கணபதி வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

படம் மாட்டியதை அவள் பார்த்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் நின்றாள். கண்காட்சி முடிந்ததும் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இப்போது என் லேத்துக்கு எதிரே தொங்குகிறது. வேலை கொண்டுவருகிறவர்கள் பார்த்துவிட்டு, "பந்து எங்கீங்க?" என்பார்கள். மரத்தில் என்பேன். அந்தப் பந்தை அன்றைக்கே கல்லெறிந்து இறக்கிவிட்டார்கள். படத்தில் ஆறு பேரும் இன்னும் அண்ணாந்துதான் பார்க்கிறார்கள்.