விளக்குக்குப் போட்ட சட்டை

புன்னைக்காயல் மீன் ஏலக்கூடத்தில் எட்டு எல்.இ.டி. விளக்குகளை மாட்டியவள் விஜிலா. ஊரில் ஒயரிங் வேலைக்கு ஏணி ஏறும் ஒரே பெண். கைக்குச் சமமாக வாயும் ஓடும்.

சங்கத்துத் தலைவர் இனிகோவைச் சம்மதிக்க வைக்க அவள் ஒரு பிரசங்கமே செய்திருந்தாள். "சோடியம் லைட்டுக்கு அடியில எல்லா மீனுக்கும் மஞ்சக்காமாலைதான், மாமா. செவுள் செவப்பா கறுப்பான்னு எவனுக்குத் தெரியுது? கரண்டு ஒருக்கா போய் வந்தா திரும்ப முழுசா எரிய பத்து நிமிஷம். குண்டு பல்பு கம்பியச் சுட வச்சு எரியுது, கரண்டு முக்காலும் சூடாவே போயிருது. இந்த எல்.இ.டி.ல கம்பியே கிடையாது. அரிசி அளவு சில்லு, கரண்டு பாய்ஞ்சா அதுவே ஒளி விடும். சூடுங்கிற பேச்சே இல்ல."

அந்தக் கடைசி வார்த்தையை அவள் கொஞ்சம் அடக்கி வாசித்திருக்கலாம்.

கடற்கரைக்காரர்களுக்கு உப்புக்காற்று என்றால் தீராத பகை. மோட்டார், கேட்டுப் பூட்டு, பைக் எதுவானாலும் சுற்றிக் கட்டி மூடினால்தான் தூக்கம் வரும். விஜிலாவும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே. ஒவ்வொரு விளக்கின் முதுகையும் தடித்த பாலிதீனால் நான்கு சுற்றுச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கினாள். வேலை சுத்தம் என்று இனிகோவே மெச்சினார்.

வெயில் காலம் வந்ததும் விளக்குகள் மக்கர் செய்தன. போட்டவுடன் பளிச்சென்று எரியும். அரை மணி நேரத்தில் மங்கிவிடும். மீனைத் தூக்கி முகத்தருகே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. இனிகோ கறாராகச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா பழைய லைட்டு ஏறிரும்." அது ஏறினால் தன் பெயர் இறங்கும், பிறகு ஒரு வீட்டிலும் தன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று விஜிலாவுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மாலை, ஏலம் நடக்கும்போதே ஏணி ஏறினாள். முன்பக்கக் கண்ணாடியில் விரலை வைத்தாள். வெதுவெதுப்பு, அவ்வளவுதான். பிடிமானத்துக்கு விளக்கின் முதுகுப் பக்கம் கை போட்டவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். உள்ளங்கை சிவந்துவிட்டது.

அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. ஒளி முன்னால் போகிறது, சில்லின் சூடு பின்னால் போகிறது. அதைக் காற்றில் விடத்தானே முதுகில் அலுமினியத் தகடுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள்? அந்த முதுகுக்குத்தான் அவள் சட்டை போட்டிருக்கிறாள். சூடு மிஞ்சினால் விளக்கு தானாகவே ஒளியைக் குறைத்துக்கொள்ளும், கருகிப் போகாமல் இருக்க.

மின்சாரத்தை நிறுத்தாமலே, எட்டு விளக்கின் பாலிதீனையும் கத்தியால் கிழித்துப் போட்டாள். கடைசி விளக்கிலிருந்து இறங்குவதற்குள் முதல் விளக்கு தெளிந்துவிட்டது. மீன் விற்கும் பேபி, ஒரு சீலா மீனின் செவுளைத் தூக்கிக் காட்ட, ரத்தச் சிவப்பு தூரத்திலிருந்தே தெரிந்தது. வியாபாரிகள் நெருங்கி வந்தார்கள்.

இனிகோவும் வந்தார். "ஏளா, கம்பெனிக்காரன் ஏமாத்திட்டானா? சொல்லு, லெட்டர் போட்டிருவோம்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம்.

"லைட்டு மேல தப்பில்ல, மாமா," என்றாள் விஜிலா, எல்லோருக்கும் கேட்கும்படி. "சூடே வராதுன்னு சொன்னது நான். சுத்திக் கட்டினதும் நான்."

இனிகோ கீழே கிடந்த பாலிதீனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஏளா, ஒன்னப் பார்த்துதான் எங்க வீட்டு வாசல் லைட்டுக்கும் நான் கட்டி வச்சிருக்கேன். ஏணிய அப்படியே அங்கன எடுத்துட்டு வா."