நாற்காலி கொண்டுவரச் சொன்ன ஞாயிறு

எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தைச் சீர்படுத்தப் போகிறார்களாம், அதற்கு நம்மிடம் யோசனை கேட்கிறார்களாம். நகராட்சியிலிருந்து வந்த இன்ஜினியர் பெண் வீடு வீடாக ஏறி இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. இத்தனை வருஷம் வெயிலில் காய்ந்தபோது ஏனென்று கேட்க ஒரு நாதி இல்லை. ஆனால் அவள் வைத்திருந்த திட்டம் புதுசாக இருந்தது. உட்கார இடம் வேண்டும் என்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து, வேண்டிய இடத்தில் போட்டு உட்கார வேண்டும். இப்போதிருக்கும் உடைந்த பெஞ்சை எடுத்துவிட்டு, அதைப் பார்த்துப் புதுப் பெஞ்சு போடுவார்கள். நாலு பேராவது கொண்டுவராவிட்டால் சாய்ந்து நிற்க ஒரு கம்பியோடு சரி.

"பேப்பர்ல கேட்டா எல்லாரும் எல்லாம் வேணும்னுதான் டிக் பண்றாங்கக்கா. தூக்கிட்டு வரச் சொன்னாதான் உண்மை தெரியுது" என்றாள். கெட்டிக்காரி.

எனக்கு அந்தக் கம்பிதான் வேண்டியிருந்தது. காரணம், அப்பா.

அம்மா ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தாள். லேத் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு அப்பா தினமும் சாயங்காலம் நிறுத்தத்துக்குப் போய் அவள் பையை வாங்கிக்கொள்வார். வீடுவரை இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வருவார்கள். சண்டைச் சத்தம் கேட்காத நாளில்தான் எனக்குப் பயமாக இருக்கும். போன வருஷம் அம்மா வேலை செய்த இடத்திலேயே மயங்கி விழுந்தாள். அன்று அவள் பஸ்ஸில் வரவில்லை, ஆம்புலன்ஸில் வந்தாள்.

எல்லாம் முடிந்த மறுவாரம் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அன்றிலிருந்து அந்த உடைந்த சிமெண்டு பெஞ்சில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறார். பஸ் வந்தால் எழுந்து, இறங்குகிறவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பார். பஸ் போனதும் உட்கார்ந்துகொள்வார். மழையில் நனைந்து நெஞ்சில் சளி கட்டி இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தடவை இப்படி வந்தால் தன்னால் ஆகாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

"அம்மா செத்துட்டாங்கப்பா. செத்தவங்க பஸ்ல வரமாட்டாங்க" என்று நானும் தினம் தொண்டை கிழியக் கத்துவேன். "சரிம்மா" என்பார். மறுநாள் செருப்பை மாட்டுவார். புத்தி பேதலித்துவிட்டது என்றே நான் முடிவுகட்டியிருந்தேன். உட்கார இடமில்லாவிட்டால் அவர் முழங்கால் தாங்காது, திரும்பி வந்துவிடுவார். தெருவில் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டேன், நாற்காலி கொண்டுவராதீர்கள் என்று. எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு இருப்பது ஒரே அப்பா. அவர் உயிரோடு இருக்க வேண்டும். வேறென்ன கேட்டேன் நான்?

ஞாயிற்றுக்கிழமை சொன்னபடி எல்லோரும் வெறுங்கையோடு வந்து நின்றார்கள். இன்ஜினியர் பெண் நாற்காலி போடும் இடத்தைக் குறிக்கக் கையில் சாக்பீஸை வைத்துக்கொண்டு விழித்தாள். அப்போது அப்பா வந்தார். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை மூச்சிரைக்கத் தூக்கிவந்து, பஸ் வரும் பக்கம் பார்த்துப் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஒரு ஆளுக்கு ஒரு நாற்காலிதான்" என்றாள் அவள்.

"ஆள் வருது" என்றார், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தவர் மாதிரி.

தெருவே அம்மாவின் சாவுக்கு வந்திருந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். விஷயம் தெரியாத அந்தப் பெண் மட்டும், "யாருய்யா வர்றாங்க?" என்று சிரித்தபடி கேட்டாள்.

"நான்தான்" என்று சொல்லி அந்த நாற்காலியில் உட்காரப் போனேன். அப்பா அதன்மேல் கையை வைத்து மறித்தார்.

"உனக்கில்லம்மா."

"அம்மா வரமாட்டாங்கப்பா! எத்தனை தடவை சொல்றது?"

"தெரியும்மா. நான் என்ன லூசா?" குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "வீட்ல இருந்தா உங்கம்மா செத்துப்போயிட்டா. இங்க உட்கார்ந்தா பஸ் இன்னும் வரல. அவ்வளவுதான்."

நான் வெட்கத்தை விட்டு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டேன். "பெஞ்சே போட்டுடும்மா" என்றேன்.

மருந்துக்கடைக்காரர் குறுக்கே வந்தார். "அவசரப்படாதம்மா. நீ சொன்னதுதான் சரி. அவர் உடம்பு முக்கியமில்லையா?"

மாடிவீட்டு டீச்சரும் அதையே சொன்னார். நான் வீடு வீடாகப் போய்ச் சொன்ன வார்த்தைகளை அப்படியே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். அத்தனையும் அன்போடு சொன்னார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் வீட்டிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டேன். அம்மாவுடையதை விட்டுவிட்டு எண்ணினாள் அந்தப் பெண். "ரெண்டுதான்க்கா இருக்கு. இதை வச்சு நான் பெஞ்சு கேட்க முடியாது" என்றாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

நிறுத்தம் அழகாகத்தான் வந்தது. கூரை, விளக்கு, பளபளவென்று ஒரு கம்பி. ஊரே மெச்சியது. அப்பா அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சில நாள் நின்றார். நான் அவருக்காக ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனேன். புது மேடையில் எதையும் வைக்கக்கூடாது என்று நகராட்சிக் காவலாளி எடுக்கச் சொல்லிவிட்டார். நின்று நின்று அப்பாவின் கால் வீங்கியது. ஒருநாள் சாயங்காலம் அப்பா செருப்பு மாட்டவில்லை.

கூடத்தில் உட்கார்ந்திருந்தார். டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்காமல், வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"உங்கம்மா செத்துட்டாம்மா" என்றார், எனக்குத் தெரியாத சேதியைச் சொல்வது மாதிரி.

சொல்லிவிட்டு, அவள் போன நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.