ஷட்டருக்குள் வந்த விருந்தாளி

வாடைக்கானலில் ஷட்டரைப் பெயர்த்துக்கொண்டு காற்று உள்ளே வந்துவிட்டால் அது விருந்தாளி. அதைத் துரத்தக் கூடாது. உட்கார இடமும் குடிக்க ஏதாவதும் கொடுத்து, தானாகக் கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். கிளம்பிய பிறகுதான் ஷட்டரைச் சரிபண்ண ஆளைக் கூப்பிடலாம். மலை உச்சியில் இருக்கிற ஊர் அது. ஆடி பிறந்தால் வீட்டுக்கு ஒரு விருந்தாளியாவது உண்டு. இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததில்லை.

பேச்சியம்மாளுக்கும் காற்று வந்ததில் வருத்தம் இல்லை. ஆனால் அது வந்தது அவளுடைய ஜீப் ஷெட்டுக்குள். வந்தது ஒரு மூலையில் இருந்திருக்கலாம். ஷெட்டில் இடமா இல்லை? பழைய டயர் கிடக்கிறது, ஏலக்காய் மூட்டை கிடக்கிறது, அவள் புருஷன் சின்னக்காளை உட்கார்ந்து பீடி குடிக்கிற ஸ்டூல் கிடக்கிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு நேராக ஜீப்பில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொண்டது. சீட்டு அமுங்கியிருந்தது. ஸ்டியரிங் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லேசாகத் திரும்பிக்கொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. வருகிற திங்கட்கிழமையிலிருந்து பள்ளிக்கூட டிரிப் அவளுக்கு. எஸ்டேட் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிப் பள்ளிக்கூட வாசலில் விட வேண்டும், சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அந்த டிரிப்பைக் கேட்டுக் கேட்டு அவள் செருப்புத்தான் தேய்ந்தது. பொம்பளை ஓட்டுகிற வண்டியில் பிள்ளைகளை அனுப்ப முடியாது என்று பள்ளிக்கூடக் கமிட்டித் தலைவர் சௌந்தரபாண்டியன் ஒற்றைக் காலில் நின்றார். அவருடைய மருமகளுக்கு வலி எடுத்தபோது அதே வளைவுகளில் அவளை ஆஸ்பத்திரிக்கு இறக்கியது பேச்சியம்மாள்தான். பேரன் பிறந்ததே அவள் ஜீப்பின் பின் சீட்டில்தான். அப்போது மட்டும் அவருக்கு வளைவும் தெரியவில்லை, பொம்பளையும் தெரியவில்லை.

இப்போதும் மனசு இரங்கிக் கொடுத்துவிடவில்லை. இத்தனை வருஷம் டிரிப் அடித்த அவருடைய மச்சான் ஜீப்பில் இன்ஜின் போய்விட்டது, வேறு வழி இல்லாமல் கொடுத்தார். திங்கட்கிழமை பெல் அடிக்கும்போது வண்டி வாசலில் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் டிரிப் கிடையாது என்று சொல்லித்தான் கொடுத்தார். வியாழக்கிழமை காற்று வந்துவிட்டது.

கீழே டவுனிலிருந்து ஷட்டர் மெக்கானிக் காஜாமைதீன் மொபெட்டில் வந்தான். ஸ்பிரிங் அறுந்து, அடித்தகடு கிழிந்து, ஷட்டர் பாதி உயரத்தில் கோணிக்கொண்டு நின்றது. அதற்கடியில் ஆடு போகும், ஜீப் போகாது. காஜா குனிந்து உள்ளே பார்த்துவிட்டுக் கருவிப் பையைக் கீழே வைத்தான்.

"உள்ள ஆளு இருக்கேக்கா."

"இருந்தா என்ன? நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு."

"ஆளை உள்ள வெச்சு ஷட்டர் போட்டா, அடைச்சு வெச்ச மாதிரி ஆயிரும்க்கா. பாவம்."

சின்னக்காளை நல்ல மனுஷன். அவனுடைய நல்ல குணத்தால் அந்த வீட்டுக்கு ஒரு நாளும் ஒரு நன்மையும் விளைந்தது கிடையாது. அவன் டீ போட்டுக் கொண்டுவந்து ஜீப்பின் முன்பலகையில் வைத்தான். டீ ஆறி ஆடை படர்ந்ததும், விருந்தாளி குடித்துவிட்டது என்று டம்ளரை எடுத்துக் கழுவினான். சாயங்காலம் சீட்டு மேலே எழும்பியது. காற்று கிளம்பியது. சின்னக்காளை தோள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசல்வரை போய், "அப்ப சரிங்க, போயிட்டு வாங்க" என்றான்.

காஜா புது ஸ்பிரிங் மாட்டினான், தகடு மாற்றினான், கிரீஸ் தடவினான். ஷட்டரை மேலும் கீழும் இழுத்துக் காட்டினான். வெண்ணெய் மாதிரி ஓடியது. "வர்றேன்க்கா" என்று சொல்லி மொபெட்டை உதைத்தான்.

வாடைக்கானலில் அனுப்பும்போது சொல்கிற சொல் பலிக்கும். வா என்று சொல்லி அனுப்பப்பட்டவர் வந்தே தீர வேண்டும், வர்றேன் என்று சொன்னவரும் அப்படியே. மாற்றலாகிப் போன தபால்காரர் இன்னும் வந்துகொண்டிருக்கிறார். கொடுக்கத் தபால் இல்லாததால் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, வர்றேன் என்று சொல்லிப் போகிறார். வெறுமனே 'போ' என்று அந்த ஊரில் யாரும் யாரையும் சொன்னதில்லை. ஆட்டைக்கூட 'ஹேய்' என்றுதான் விரட்டுவார்கள். ஆகவே சொன்னால் என்ன ஆகும் என்பது யாருக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் காற்று வந்துவிட்டது. வரச் சொன்னார்கள், வந்தது. புது ஸ்பிரிங் பழைய ஸ்பிரிங்குக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. டிரைவர் சீட்டு அமுங்கியது.

"யாருய்யா இதை வரச் சொன்னது?" பேச்சியம்மாள் கத்தினாள்.

"நான்தான் சொன்னேன்" என்றான் சின்னக்காளை. "பின்ன, வீட்டுக்கு வந்தவுகள போன்னா சொல்லுவாக?"

"சொல்லித் தொலைச்சா என்ன? வாய் வெந்தா போயிரும்?"

"நீ சொல்லு பாப்போம்."

"சொல்றேன். என்னமோ உலகத்துல இல்லாத வார்த்தை மாதிரி."

காஜாவும் வந்து சேர்ந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை. வர்றேன் என்று சொல்லியிருந்தான், அதனால் வந்தான்.

"இந்தா தம்பி, நெசத்தச் சொல்லு. இது புடுங்குனதால நீ வந்தியா, இல்ல நீ வர்றேன்னு சொன்னதுக்காக இது புடுங்குச்சா?"

காஜா நேர்மையாக யோசித்தான். "அது எனக்கும் ரொம்ப நாளாச் சந்தேகம்தான்க்கா" என்றான்.

சனிக்கிழமை சாயங்காலம்தான் காற்று எழுந்தது. சின்னக்காளையை அடுப்படிக்குள் அனுப்பிவிட்டு, பேச்சியம்மாள் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வாசலில் நின்றாள். போ. ஒரே எழுத்து. வாயைத் திறந்தால் வந்து விழப் போகிறது. அன்று பகல் முழுக்க ஆட்டுக்குட்டியிடமும் தண்ணீர்த் தொட்டியிடமும் சொல்லிப் பழகியிருந்தாள். காற்று அவளைக் கடக்கும்போது தலைமுடியை அவிழ்க்காமல், முந்தானையைக்கூடத் தூக்காமல் ஒதுங்கிப் போனது. அந்த மரியாதைதான் கெடுத்தது.

"பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "வந்ததுக்கு ஒண்ணுமே சாப்பிடல. அடிக்கடி வாங்க."

சொல்லி முடித்தபிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு. அன்று அவள் சின்னக்காளையோடு பேசவில்லை. தன்னோடும் பேசவில்லை.

காஜா இந்த முறை வேலையை முடித்துவிட்டும் கிளம்பவில்லை. வர்றேன் என்று சொன்னால் ஷட்டர் பிடுங்கிக்கொள்ளும். சொல்லாமல் போனால் மரியாதை இல்லை. கொஞ்ச நேரம் மொபெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கும் சேர்த்து உலை வைத்தார்கள்.

அடிக்கடி வரச் சொன்னதால் ஞாயிற்றுக்கிழமை காற்று காலையில் வந்தது, போனது, உச்சிப்பொழுதில் வந்தது, போனது, வெயில் தாழ வந்து உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் காஜா தகடு மாற்றினான். கொண்டுவந்த தகடு தீர்ந்ததும் எண்ணெய் டின்னை வெட்டித் தட்டி மாட்டினான். அதுவும் சுருண்டுபோனது. பேச்சியம்மாள் ஷெட்டுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து தன் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை வருஷம் அவள் முதுகு பட்டுப் பட்டுக் குழிந்த சீட்டு. வேறொருத்தர் உட்கார்ந்தால் அந்தக் குழி கூடவா எதிர்க்காது?

திங்கட்கிழமை காலையில் தலைவர் சௌந்தரபாண்டியன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரில் வந்தார். வண்டி கிளம்பாது என்பது அவருக்குத் தெரியும். கிளம்பாததைப் பார்க்கத்தான் வந்திருந்தார். ஷட்டருக்கடியில் குனிந்து எட்டிப் பார்த்தார். டிரைவர் சீட்டு அமுங்கியிருந்தது. ஸ்டியரிங் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்ம காத்தா ஓட்டப்போகுது? இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா. நாங்கூட நீ ஓட்டுவியோன்னு பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

பேச்சியம்மாள் எழுந்தாள். "காத்துக்கு லைசென்ஸ் இருக்கா தலைவரே?"

"அதுக்கு எதுக்கும்மா லைசென்ஸ்? இந்த வளைவுலயே பொறந்து வளந்தவரு. நல்ல ஆம்பளையா ஸ்டியரிங்கப் பிடிச்சு உக்காந்திருக்காரு பாரு. டிரிப் இந்த வண்டிக்கே இருக்கட்டும். நீ பின்னால ஏறிக்க. பிள்ளைக விழுகாமப் பிடிச்சுக்க."

காற்று ஆணா பெண்ணா என்று வாடைக்கானலில் அதுவரை யாரும் கேட்டதில்லை. நாலு நாளில் எத்தனை ஸ்பிரிங்கை அறுத்தது என்று எண்ணியவரும் இல்லை. கூரை ஓட்டைப் பெயர்த்தது, பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்தைச் சாய்த்தது, போன வருஷம் இவருடைய வேட்டியையே அவிழ்த்துக்கொண்டு போய் அடுத்த எஸ்டேட்டில் போட்டது. அதை நம்பிப் பிள்ளைகளை அனுப்புவாராம். ஒரு நாளும் ஒரு ஓரத்தில் உரசாதவளைப் பின்னால் ஏறிக்கொள்ளச் சொல்கிறார். பேச்சியம்மாளுக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி மேலே வந்தது. வழியில் எங்கும் தடங்கவில்லை.

"போ" என்றாள்.

சின்னக்காளையும் காஜாவும் மிச்சத்துக்காகக் காத்திருந்தார்கள். 'யிட்டு வா' வரவில்லை.

தலைவர் திரும்பிப் போனார். ஊர்த் தெருவில் போனார், தன் வீட்டைத் தாண்டியும் போனார். வாசல் தெளித்துக்கொண்டிருந்த அவர் மனைவி முத்துலட்சுமி, காபி ஆறுகிறது என்று சொன்னாள். சரி என்று சொல்லிக்கொண்டே போனார். கடைசி வீடும் முடிந்து, சாலை இறங்குகிற இடத்தில் அவர் வேட்டி மறைந்தது.

ஜீப்புக்குள் சீட்டு பாதி எழும்பியது. தன்னையும் சேர்த்துச் சொன்னதாகக் காற்று நினைத்துக்கொண்டது.

"உன்னச் சொல்லல" என்றாள் பேச்சியம்மாள். "தள்ளி உக்காரு."

காற்று இடது பக்கம் தள்ளி உட்கார்ந்தது. பேச்சியம்மாள் தன் குழியில் ஏறி உட்கார்ந்தாள். காஜாவும் சின்னக்காளையும் ஷட்டரைத் தோளில் முட்டுக்கொடுத்து உயர்த்த, ஜீப் வெளியே வந்தது. காற்று அவளோடு வண்டியில் வெளியே போவதால் அது விருந்தாளி கிளம்பியதாகாது, வழியனுப்பவும் தேவையில்லை. காஜா நிம்மதியாக உட்கார்ந்து ஷட்டரைச் செய்தான். முடித்துவிட்டு, "வர்றேன்ணே" என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"வா தம்பி. ஞாயித்துக்கிழமை கறி எடுப்போம், சாப்பிட வா" என்றான் சின்னக்காளை. அவனுடைய நல்ல குணம் முதன்முறையாக உபயோகப்பட்டது. காஜா ஞாயிற்றுக்கிழமை சாப்பிட மட்டும் வந்தான். ஷட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஐந்தாவது வளைவில் தலைவர் போய்க்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் ஹாரன் அடித்தாள். அவர் ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். பின்னால் ஏறியிருந்த எஸ்டேட் பிள்ளைகள் எல்லோரும் கை ஆட்டினார்கள். பெல் அடிக்கும்போது ஜீப் பள்ளிக்கூட வாசலில் நின்றது.

அந்த வாரக் கமிட்டிக் கூட்டம் தலைவர் போகிற வழியில், கூடவே நடந்தபடி நடந்தது. மூச்சு வாங்குகிற உறுப்பினர்கள் நின்றுகொள்ள, மற்றவர்கள் தொடர்ந்து நடந்தார்கள். டிரிப் பேச்சியம்மாளுக்கே என்று முடிவானது. தலைவரே முன்னால் போய்க்கொண்டே தலையாட்டினார். முன் சீட்டில் வருகிற காற்றுக்கு அரை டிக்கெட் போதும் என்றும் முடிவானது.

சனிக்கிழமை காலையில் பேச்சியம்மாள் ஷெட்டு வாசலில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள். லீவு நாள் என்பதால் முன் சீட்டு காலியாக இருந்தது. முத்துலட்சுமி தூக்குச்சட்டியோடு வந்தாள். தலைவர் இப்போது எதிர் மலையில் போய்க்கொண்டிருக்கிறார், செருப்பு தேய்ந்துவிட்டது, வேறு செருப்பு கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

"போன்னது நீதானே தாயி. நீ சொன்னாத்தான் திரும்புவாரு. ஒரே ஒரு வாட்டி வான்னு சொல்லிரு."

பேச்சியம்மாளுக்கு அவள்மேல் கோபம் ஒன்றும் இல்லை. தலைவர் மேல்கூட இருந்த கோபத்தில் பாதி அந்த ஒரு சொல்லோடு போய்விட்டது. சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். இத்தனை வருஷமாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்ன சொல்தான். கழுவுகிற துணியைப் பிழிந்து பானட்டின் மேல் போட்டுவிட்டு, எதிர் மலையைப் பார்த்து நின்றாள். அங்கே ஒரு வெள்ளைப் புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

வெறும் காற்றுதான் வந்தது. வந்து, முன் சீட்டில் தள்ளி உட்கார்ந்தது.