பின்னறை யாருக்கு

பகலில் பிறர் குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது அவள் தொழில். இப்போது குடியிருக்கும் மாடி வீட்டுப் படிக்கட்டு செங்குத்தாக இருந்ததால், தரைத்தளத்தில் வீடு தேடி அவள் ஏறி இறங்காத வாசல் இல்லை. கடைசியில் மனசுக்குப் பிடித்தபடி ஒன்று அமைந்தது. கூடத்தில் நல்ல வெளிச்சம், சமையலறைக்குக் கதவு, பின்பக்கம் ஓர் அறை. கூட வந்த மாமனார், கதவிடுக்கில் பிஞ்சு விரல் மாட்டுமா என்று குனிந்து பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

"மொத்தம் எத்தனை பேரு இருப்பீங்க?" என்று கேட்டார் வீட்டுக்கார அம்மாள்.

"நானும் என் புருஷனும்தாங்க. மாமனார் எங்களோட இருக்கமாட்டாரு. ஓயாம இருமுவாரு, பிள்ளைங்களை விட வர்றவங்க முகம் சுளிப்பாங்க."

திரும்பினால், மாமனார் பின்னாலேயே நின்றிருந்தார். வந்த இருமலை வாயைப் பொத்தி அடக்கினார்.

"வீடு அம்சமா இருக்கும்மா, விட்டுடாத. நான் மக வீட்டுல இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்கு இறங்கினார்.

அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவளிடம் முதன்முதலாக விடப்பட்ட குழந்தை அழுதழுது விறைத்தபோது, தோளில் போட்டுத் தூங்க வைத்தவர் அவர்தான்.

"அம்மா, நான் பொய் சொல்லிட்டேன். எங்க மாமாவும் எங்களோடதான் இருப்பாரு. பின்னறை அவருக்கு."

"தாராளமா இருக்கட்டும். தண்ணித் தொட்டி சின்னது, அதான் கேட்டேன்."

அந்தப் பதிலில் அவள் கூனிக்குறுகிப் போனாள். வெளியே ஓடி, "மாமா, வந்து உங்க ரூமைப் பாருங்க" என்றாள்.

அவர் மறுபேச்சில்லாமல் வந்தார். அவளால்தான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.