தோண்டிப் பார்க்கும் வரிசை

கட்டிலைச் சாய்த்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. மாடிப்படி அவ்வளவு குறுகல். தலைப்பக்கத்தைப் பலகைக்காரர் பிடித்திருந்தார், கால்பக்கத்தைப் பக்கத்து வீட்டு டிரைவர். மருத்துவமனையிலிருந்து திரும்பிய, பலகைக்காரர் மனைவியின் உடல் கீழே இரண்டு பெஞ்சுகளின் மேல் காத்திருந்தது. முந்தின மாலை பள்ளியிலிருந்து வந்தவள், நெஞ்சை அடைக்கிறது என்று இதே கட்டிலில் உட்கார்ந்தாள். பிறகு எழவில்லை.

கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது அவர் தொழில். அவள் அறிவியல் ஆசிரியை. ஊரார் அவரைப் பலகைக்காரர் என்றார்கள். அவர் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவார். கேலியாகத் தொடங்கிய பெயர், பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

கட்டிலை இறக்கி நிமிர்ந்தபோது வெள்ளைச்சட்டையில் வந்திருந்த பள்ளிச் செயலாளர் அவர் தோளைத் தொட்டார்.

"கொஞ்சம் தனியா வாங்க."

தூரிகைகள் ஊறிக்கொண்டிருந்த பின்னறைக்குப் போனார்கள்.

"டீச்சர் பேர்ல ஒரு மண்டபம் கட்டறதா முடிவு பண்ணியிருக்கோம்."

"எங்க?"

"ஸ்கூல்ல டீச்சர் போட்ட தோட்டம் இருக்கே, அங்கதான். வேற இடம் ஏது? பெத்தவங்க சில பேர் முறுக்கிக்குவாங்க. வீட்டுக்காரரே சரின்னுட்டா எவனும் வாய் திறக்க மாட்டான். இடுகாட்டுல பேசுறப்ப நான் அறிவிச்சுடறேன். நீங்க பக்கத்துல நின்னு தலையாட்டினாப் போதும்." அவர் குரல் தழைந்தது. "பேரை நீங்களே எழுதுங்க. வாசல்ல, ஆள் உயரத்துக்கு."

உயிரோடு இருந்தவள் தோட்டத்துக்கு ஒரு வேலி கேட்டபோது மடங்கிய கை, இறந்தவளுக்கு மண்டபம் தர நீண்டது. வாழும்போது விண்ணப்பம், மறைந்தபின் விழா! உலகம் இப்படித்தான் கடன் தீர்க்கிறது. ஆனால் பலகைக்காரர் அதை எண்ணவில்லை. அவருடைய சுட்டுவிரல் தொடையின் மேல் அவள் பெயரின் முதல் எழுத்தை வளைக்கத் தொடங்கியிருந்தது.

உடைந்த மேசைகளைக் குவித்து வைத்திருந்த கொல்லையை அவளும் பிள்ளைகளும்தான் தோட்டமாக்கினார்கள். வேரைப் படத்தில் காட்டாமல் கையில் கொடுத்தாள். பரப்பளவைக் கரும்பலகையில் போடாமல் பாத்தியில் அளக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய்விடுவாள். அவர் தனியாகச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார்.

செடிகளுக்குப் பெயர்ப்பலகை எழுதித் தரட்டுமா என்று ஒருமுறை அவர் கேட்டதுண்டு.

"வேணாங்க. பிள்ளைங்க கோணலா எழுதட்டும். உங்க எழுத்தைப் பாத்தா அதுங்க பேனாவையே தொடாது" என்று அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார். அதன்பின் அந்தப் பக்கம் அவர் போனதில்லை.

உடலருகே அவர் திரும்பியபோது, அவளுடைய தங்கை ஈரத்துணியால் அக்காவின் விரல்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நகத்துக்குள்ள மண்ணு, அத்தான். எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது."

"விடும்மா."

"வெள்ளைச்சட்டை என்ன சொல்லிட்டுப் போகுது?"

சொன்னார்.

"அவ தோட்டத்து மேலயே சிமெண்ட்டைக் கொட்டிட்டு, அதுக்கு அவ பேரா?"

"பேராவது நிக்குமே."

"உங்களுக்கு எழுத ஒரு சுவர் வேணும். அதானே?"

அவள் மறுபடி நகங்களைத் துடைக்கத் தொடங்கினாள்.

நண்பகலில் பிள்ளைகள் வந்தார்கள், உடற்பயிற்சி ஆசிரியரின் பின்னால் ஓசையில்லாமல். கட்டிலைச் சுற்றி வந்தபின் ஒரு சிறுமி மட்டும் நகராமல் நின்றாள்.

"சார், எங்க வரிசைக்கு இனிமே யாரு விதை குடுப்பாங்க?"

"எந்த வரிசை?"

"தோண்டிப் பாக்குற வரிசை."

ஆசிரியர் அவளைப் பின்னுக்கு இழுத்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. இதுங்க விதையப் போட்டுட்டு, முளைச்சாச்சான்னு மறுநாளே தோண்டிப் பாத்துடுதுங்க. எதுவும் உருப்படாது. நாங்கல்லாம் அதட்டித்தான் பாத்தோம். டீச்சர் அதுக்குன்னே ஒரு வரிசை ஒதுக்கிட்டாங்க. ஆசையா இருந்தா இதுல தோண்டு, மத்ததைத் தொடாதேன்னு."

"அந்த வரிசை முளைக்குமா?" பலகைக்காரர் சிறுமியைத்தான் கேட்டார்.

"பாதி செத்துப்போகும் சார். பரவாயில்ல, நீதான் பாத்துட்டியேன்னு சொல்லுவாங்க."

பிள்ளைகள் போனபின்னும் அவர் வாசலையே பார்த்திருந்தார்.

"எங்கிட்ட இதை அவ சொன்னதே இல்லையே."

"நீங்க கேட்டீங்களா, அத்தான்?" கொழுந்தியாளின் குரலில் இப்போது குத்தல் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

இடுகாட்டில் செயலாளர் நன்றாகவே பேசினார். கல்விக்கு ஒளியானவர் என்றார், காலம் மறவாத பெயர் என்றார். "அந்தப் பெயர் என்றென்றும் நிலைக்க..." என்று நிறுத்தி, பலகைக்காரரின் பக்கம் கனிவாகத் திரும்பினார். கூடியிருந்த கண்களும் அவருடன் திரும்பின. ஒரு தலையசைப்பு, அதைவிடச் சிறிய வேலை உலகத்தில் இல்லை.

"வேணாம்."

"என்ன சொன்னீங்க?"

"மண்டபம் வேணாம். தோட்டம் இருக்கட்டும்."

"அப்ப பேரு?"

பலகைக்காரர் சுட்டுவிரலை மடக்கிக்கொண்டார். "பேரும் வேணாம்."

பின்வரிசையில் தாய்மார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் கனைத்துக்கொண்டு, ஒரு நிமிட மௌனத்தை அறிவித்தார். கூட்டம் கலைந்தபோது பலகைக்காரரின் காதருகே வந்தார்.

"இனி எந்தச் சுவர்லயும் அவங்க பேர் இருக்காது. பாத்துக்குங்க."

"தெரியும்."

மாலையில் வீடு காலியாயிற்று. "நான் இருக்கட்டுமா, அத்தான்?" என்று கொழுந்தியாள் கேட்டாள். உன் பிள்ளைகள் தேடும், போ என்று அனுப்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பள்ளிக்கு நடந்தார்.

காவலாளி கதவைப் பாதி திறந்தார். "யாருங்க நீங்க?"

"டீச்சர் வீட்டுக்காரர்."

"அடடா, மன்னிச்சுக்குங்க. உங்களை இந்தப் பக்கம் பாத்ததே இல்லையா..." காவலாளி கதவை முழுதும் திறந்தார். பிறகு சுவரோரம் சுருண்டு கிடந்த ரப்பர் குழாயின் நுனியை எடுத்து அவரிடம் நீட்டினார். "இன்னிக்கு யாரும் தண்ணி விடல. நீங்க பிடிங்க, நான் போய்த் திறந்து விடறேன்."

குழாய் அவர் கைக்குள் இருமுறை இருமிவிட்டு நீரைக் கக்கியது. முதல் பாத்தி குடித்தது. அடுத்தது குடித்தது. கடைசியில் இருந்தது சமமாக இல்லை. சின்னச் சின்ன விரல்கள் தோண்டி, மூடி, மறுபடி தோண்டிய குழிகள் அதன் நீளத்துக்கும் கிடந்தன. அங்கே அவர் நின்றுவிட்டார். குழிகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. எவ்வளவு விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. போதும் என்று சொல்ல யாரும் இல்லாததால், நீர் வரப்பைத் தாண்டி அவர் செருப்புவரை வந்தது.