ஹகாத்தாவிலிருந்து வந்த பெட்டிகள்

ஐந்தாம் வகுப்பு அறையில், பிள்ளைகளுக்கான குட்டை நாற்காலிகளில் தாய்மார்கள் முழங்கால்களை ஒடுக்கி அமர்ந்திருந்தனர். வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்து மாட்டிய உள்செருப்புகள் எல்லார் கால்களிலும் கருநீலமாகவோ கறுப்பாகவோ இருந்தன. செர்ரி பூத்து ஓய்ந்துவிட்டது. விளையாட்டுத் திடலின் ஈரமண்ணில் வாடிய இதழ்கள் ஒட்டிக் கிடந்தன.

அந்த ஆண்டுக்குரிய வகுப்புப் பொறுப்பாளரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். பிள்ளை ஆரம்பப் பள்ளியை முடிப்பதற்குள் ஒவ்வொரு வீடும் ஒருமுறை அந்தச் சுமையை ஏற்கும். ஏற்க இயலாதவர் எழுந்து நின்று, இன்ன காரணம் என்று அனைவர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும்; கூடிய அவை தலையசைத்தால் விடுதலை. இதை எவரும் விதியாக இயற்றியதில்லை. மழைநாளில் குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே நுழைவதைப்போல, அது உலகவழக்கு. அறியாதவர் இல்லை, அறியாதவரை அங்கே மனிதராக எண்ணுவாரும் இல்லை.

இன்னும் முறை வராத வீடுகள் மூன்று. அவற்றுள் ஒன்று சயோவின் வீடு.

சயோ மகளின் மேசைமேல் கைகளைக் கோத்து வைத்திருந்தாள். பொறுப்பை அவள் அஞ்சவில்லை. அதனோடு வரும் ஒரு சனிக்கிழமையை அஞ்சினாள். பிஸ்கட் உறைகளிலும் சோப்பு உறைகளிலும் அச்சிட்டிருக்கும் சிறு மணிக்குறிகளைப் பெற்றோர் வெட்டிச் சேர்த்து அனுப்பி, அவற்றுக்கு ஈடாகப் பள்ளிக்குப் பந்தும் பலகையும் பெறுவார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை, அந்த வேலை நடப்பது பொறுப்பாளரின் வீட்டுக் கூடத்தில். பத்துப் பெண்கள் வாசலில் காலணி கழற்றி உள்ளே வருவார்கள். கூடத்துக்கு நேர்மேலே தெய்ஜியின் அறை.

தெய்ஜி அவள் கணவன். ஒன்றரை ஆண்டுக்கு முன், இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை, வேலைக்குப் புறப்பட வாசற்படியில் அமர்ந்து வலக்காலில் காலணியை அணிந்தான். இடக்காலணியைக் கையில் எடுத்தான். எடுத்தவன் எடுத்தபடியே வெகுநேரம் இருந்தான். பிறகு அதைக் கீழே வைத்து, மற்றதையும் கழற்றிவிட்டு மாடியேறினான். அன்று மூடிய கதவு, சோற்றுத் தட்டு நுழையும் அளவுக்கு மேல் திறந்ததில்லை.

பொய்யை அவள் கட்டவில்லை. அது அவள் கையில் தரப்பட்டது. தெருமுனையில் குப்பை வைக்கப் போன ஒரு காலையில், எதிர்வீட்டு நஹோகோ கேட்டாள்: "என்ன சயோ, வீட்டுக்காரரையே காணோம்? வெளியூர் மாத்தலா?" சயோ தலையை ஆட்டினாள். "ஆமா... ஹகாத்தா." நாட்டின் மறுகோடியில் உள்ள அந்நகரம் ஏன் நாவில் வந்தது என்று அவளுக்கே தெரியாது.

வெளியூரில் தனித்திருக்கும் கணவனைப் பார்த்துவர மனைவி போகத்தான் வேண்டும். போனவள் அண்டை வீடுகளுக்கு அவ்வூர்ப் பண்டம் கொண்டுவரத்தான் வேண்டும். ஆகவே நீண்ட விடுமுறைகளில் சயோ மகள் கொதோமியுடன் பெட்டி தூக்கிப் புறப்பட்டாள். சில நிலையங்கள் தள்ளி இறங்கி, அங்குள்ள நூலகத்தில் பொழுதைக் கழித்து, மலிவு விடுதியொன்றில் தங்கி, மறுநாள் ரயிலடிப் பல்பொருள் அங்காடியின் கீழ்த்தளத்தில் ஹகாத்தா அரிசி வறுவல் வாங்கித் திரும்பினாள். காரமிட்ட மீன்முட்டை மணக்கும் வறுவல். அங்காடியின் உறையைக் கிழித்தெறிந்து, பெட்டியை மட்டும் இரு கைகளாலும் நீட்டி, "சும்மா, வாய்க்கு ருசியா இருக்கட்டும்னு" என்பாள். வாங்கியவர்கள் சில நாள் கழித்து ஆப்பிளோ ஊறுகாயோ திருப்பித் தருவார்கள். "ஹகாத்தால இப்பவே வெயில் கொளுத்துமே!" என்பார்கள். அவள் வானிலைச் செய்தி பார்த்து விடை வைத்திருப்பாள்.

"சரி, யாராச்சும் வாயத் திறங்க. இல்லன்னா ராத்திரிச் சாப்பாடும் இங்கேயேதான்," என்றார் போன ஆண்டின் பொறுப்பாளர் குனிமத்சு அம்மையார். சிரிப்பு எழுந்து உடனே அடங்கியது.

முதலில் எழுந்தவர் மீன்சந்தையில் வேலை செய்யும் இசொபே. அங்கிருந்த ஒரே தந்தை. "மன்னிச்சிருங்க. நான் விடியறதுக்கு முன்னாடியே சந்தைக்குப் போயிடுவேன். சனிக்கிழமைதான் கூட்டமே. அதோட, கத்தரிக்கோலப் பிடிச்சா என் விரலத்தான் வெட்டுவேன்."

"மீன் வெட்டுற கைதானேங்க அது?"

"மீனு கத்தாதுங்க. நீங்க கத்துவீங்க."

இம்முறை சிரிப்பு சற்று நீடித்தது. அவை தலையசைத்தது.

அடுத்து எழுந்தவள் எதிர்வீட்டு நஹோகோ, இப்பெய் என்ற பையனின் தாய். "எங்க மாமனாரு சங்கதி உங்களுக்குத் தெரியும். கதவு திறந்திருந்தா போதும், ஆத்தங்கரைக்குப் போயிடுறாரு. போன வாரம் போலீஸ்தான் கூட்டிட்டு வந்தாங்க."

"ஐயோ, பாவம். இப்பெய் அம்மா, உங்க சிரமம் எங்களுக்குத் தெரியாதா?" என்றார் குனிமத்சு. அவை மீண்டும் தலையசைத்தது. சொல்லத்தக்க துயரம் அது; கேட்பவருக்குப் பொருத்தமான முகம் ஆயத்தமாக இருந்தது.

பிறகு எல்லாப் பார்வைகளும் சயோவை நோக்கித் திரும்பாமலே திரும்பின.

"கொதோமி அம்மா," குனிமத்சுவின் குரல் கனிந்தது. "உங்க வீட்டுக்காரரு ஹகாத்தாலதானே இருக்காரு? வீடு அமைதியா இருக்கும். மாசத்துல ஒரு சனிக்கிழமைதான். தேத்தண்ணி கூட நாங்களே கொண்டு வந்துடுவோம்."

"அதான் சரி," என்றது ஒரு குரல். "கூடமும் பெருசு."

சயோ எழுந்தாள். மன்னியுங்கள் என்று தொடங்கினாள். உடல்நலமில்லை என்றாள், என்ன நோய் என்று எவரும் கேட்கவில்லை, ஆனால் காத்திருந்தனர். பத்துச் சோடிக் காலணிகள் தன் வாசலில் நுனி திருப்பி வைக்கப்படுவதையும், மேலே பலகை ஒருமுறை முனகுவதையும், பத்துக் கத்தரிக்கோல்கள் ஒருசேர நிற்பதையும் அவள் மனக்கண்ணில் கண்டாள். அந்தக் காட்சியைவிட உண்மை எளிதாகத் தோன்றியது.

"அவர் ஹகாத்தால இல்ல," என்றாள். "வீட்லதான் இருக்காரு. மாடில. ஒன்றரை வருஷமா அந்த ரூமை விட்டு வர்றதில்ல. வேலையும் போயிடுச்சு. அதனால... வீட்டுக்கு யாரையும் கூப்பிட முடியாது. இத்தனை நாள் உங்க எல்லார்கிட்டயும் பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க."

இடுப்பை மடித்து வணங்கினாள். நிமிர்ந்தபோது, வியந்த முகம் ஒன்றுகூட அங்கே இல்லை. எல்லாரும் குனிந்து தத்தம் உள்செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பிறர் ஆடை நழுவியதைக் கண்டோர் கண்ணைத் தாழ்த்துவதைப்போன்ற பார்வை அது.

"அப்படியா... சிரமந்தான்," என்றார் குனிமத்சு, தரையைப் பார்த்தபடியே. அவை தலையசைக்கவும் மறந்தது.

"நான் எடுத்துக்கிறேன்," என்றாள் நஹோகோ.

"உங்க மாமனாரு?"

"பாத்துக்கலாம். வாசக்கதவுக்கு இன்னொரு பூட்டுப் போட்டா ஆச்சு."

கைதட்டினார்கள். கூட்டம் கலைந்தது.

இருவர் வீடும் ஒரே தெருவில் இருந்ததால் இருவரும் ஒன்றாகவே நடந்தனர். ஆற்றங்கரைச் சாலையில் காற்று குளிர்ந்தது.

"நஹோகோ, என்னாலதான் உனக்கு இந்தச் சுமை. எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னே..."

"சுமையை விடு." நஹோகோ நின்றாள். "ஏன் சொன்ன?"

"வேற வழி இல்லியே. வீட்டுக்கு வருவீங்களே எல்லாரும்."

"வந்திருப்போம். மணிக்குறிய வெட்டியிருப்போம். தேத்தண்ணி குடிச்சிருப்போம். மேல சத்தம் கேட்டா, 'காத்து பலமா அடிக்குது'ன்னு குனிமத்சு அம்மா சொல்லியிருப்பாங்க. 'ஆமா ஆமா'ன்னு நாங்க சொல்லியிருப்போம். யாரும் மாடிப்படிப் பக்கம் தலையத் திருப்பியிருக்க மாட்டோம்."

சயோ அவள் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்கு... தெரியுமா?"

"எனக்கு முதல்லருந்தே தெரியும். எதிர்வீடு நானு. அந்த ஜன்னல் திரை அசையறத தினம் பாக்கறேன். அன்னைக்கு நான் ஏன் 'மாத்தலா'ன்னு கேட்டேன்னு நினைக்கிற? உன் மூஞ்சி அப்படி இருந்துச்சு. ஏதாவது ஒரு வார்த்தை வேணும் உனக்கு. குடுத்தேன்."

"மத்தவங்களுக்கும்?"

"என் தங்கச்சி அந்தக் கடைக் கீழ்த்தளத்துலதான் நிக்கறா. வறுவல் விக்கற இடத்துக்கு நேர் எதுக்க." நஹோகோ சிரிக்க முயன்றாள். "நல்ல வறுவல்தான். கொஞ்சம் உப்பு ஜாஸ்தி. ஊரே சாப்பிட்டுச்சு, ஊரே திருப்பிக் குடுத்துச்சு. யாராவது ஒரு வார்த்தை சொன்னோமா? அந்தப் பொய்ய அவ்வளவு அழகா தூக்கிட்டுப் போன நீ. ஆளுக்கொரு பக்கம் நாங்களும் பிடிச்சிருந்தோம். எல்லார் கையிலயும் இருந்தத நீ ஒருத்தியே கீழ போட்டுட்டியே."

"உண்மையத்தானே சொன்னேன்..."

"அது இல்லன்னு யாரு சொன்னா?" நஹோகோவின் குரல் தணிந்தது. "இனிமே உன்னப் பாத்தா என்ன பேசறது, சொல்லு. 'வீட்டுக்காரரு எப்படி இருக்காரு'ன்னு நான் எப்படிக் கேப்பேன்? கேட்டா குத்திக் காட்ற மாதிரி. கேக்கலன்னா ஒதுக்கற மாதிரி. எதுவுமே பேச முடியாதபடி பண்ணிட்டியே, சயோ."

அவள் வணங்கினாள். தோழிக்கு வணங்கும் அளவைவிடச் சற்றே தாழ்ந்த, அயலாருக்கான வணக்கம். சயோ அதைக் கண்டுகொண்டாள். தெருவை அடைந்ததும் நஹோகோ தன் வாயிலுக்குள் போனாள். பூட்டும் ஓசை கேட்டது.

திங்கட்கிழமை குப்பை வைக்கும் இடத்தில் மூன்று பெண்கள் நின்றிருந்தனர். சயோ வருவதைக் கண்டு வழிவிட்டனர். இனிய குரலில் காலை வணக்கம் சொன்னார்கள். "குளிரு இன்னும் விடல பாருங்க," என்றாள் ஒருத்தி. "ஆமாங்க," என்றாள் சயோ. அவ்வளவே. ஹகாத்தாவில் வெயிலா என்று எவரும் கேட்கவில்லை. முந்திய இரவு வானிலைச் செய்தியில் அவள் பார்த்து வைத்த விடை தொண்டையிலேயே தங்கியது. நஹோகோ தன் பையை வைத்துவிட்டு, மாமனார் விழித்துவிடுவார் என்று விரைந்தாள். அவள் வாசற்கதவில் புதிய பூட்டொன்று பளபளத்தது.

அன்று பிற்பகல் சயோ காலணி அலமாரியைத் திறந்தாள். விருந்தினர் எவரும் காணாதபடி அடித்தட்டில் துணிசுற்றி ஒளித்திருந்த தெய்ஜியின் காலணிகளை எடுத்தாள். தோல் வெளிறி, மடிப்புகளில் பூஞ்சை படர்ந்திருந்தது. துடைத்து, வாசலில் நுனி வெளிப்புறம் நோக்க இணைத்து வைத்தாள். மறைக்க இனி ஏதுமில்லை. காண வருவாரும் இல்லை.

பள்ளி விட்டு வந்த கொதோமி அவற்றைக் கண்டு நின்றாள். முதுகுப்பையைக் கழற்றவில்லை.

"அம்மா, அப்பா செருப்பு வெளிய இருக்கு."

"இருக்கட்டும்."

"யாராச்சும் பாத்துடுவாங்களே!" குரலைத் தாழ்த்திக்கொண்டாள், பழக்கத்தால். "அடுத்த லீவுக்கு ஹகாத்தா போகணும்ல? இப்பெய் அவங்க அம்மா இன்னைக்கு வழில என்னப் பாத்தாங்க. எப்பவும் 'அப்பா போன் பண்ணாரா'ன்னு கேப்பாங்க. இன்னைக்கு ஒண்ணுமே கேக்கல. நான் பதில் கூட யோசிச்சு வச்சிருந்தேன்."

மேலே பலகை மெல்ல முனகியது. இருவரும் கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அம்மா, இனிமே அப்பா எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லணும்?"

சயோ மகளின் தோளிலிருந்து பையை இறக்கினாள்.

"இனிமே யாரும் கேக்க மாட்டாங்கம்மா," என்றாள்.