இரண்டு சொட்டு மிஷின் எண்ணெய்

மதியம் மூன்றே கால். சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அவள் அந்தக் கருவியைப் பிரித்துப் போட்டிருந்தாள். ஆடைத் தொழிற்சாலையில் இருபது வருடமாகத் தையல் மிஷின்களைப் பழுது பார்ப்பவளுக்கு இது பெரிய வித்தை இல்லை. சின்ன மோட்டார், இரண்டு பல்சக்கரம், முன்னும் பின்னும் போய்வரும் தண்டு, அதன் நுனியில் மெத்தென்ற ரப்பர் உறை. ஆண்களின் சுகத்துக்கென்று செய்தது.

பக்கவாதத்தில் புருஷனுக்கு வலது கை விழுந்தது, கால் தப்பியது. அவர் பஸ் ஓட்டியவர். கருவியை வாங்கச் சொன்னது டாக்டர். அறையில் தனியாகத்தான் அதோடு இருப்பார். ஒரு நாளாவது கூப்பிட மாட்டாரா என்று அவள் வெளியே காய் நறுக்கிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பாள். கூப்பிட்டதில்லை.

போன மாதம் அது கீச்சிட்டது. கீச்சிட்டால் எண்ணெய், கைப்பழக்கம். தண்டில் இரண்டு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டாள். மூன்றாம் நாள் உறை ஊறிய ரொட்டிபோலப் பொதபொதவென்று பிய்ந்து வந்தது. அந்த ரப்பருக்கும் மிஷின் எண்ணெய்க்கும் ஏழாம் பொருத்தம் என்று அப்புறம்தான் புரிந்தது.

"பிடிக்கலன்னா வாயால சொல்லியிருக்கலாமே," என்றார்.

வேண்டுமென்று செய்யவில்லை என்று அவள் சத்தியம் பண்ணிப் பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்படியே விட்டால் மனுஷன் இனி தன்னிடம் எதையுமே கேட்க மாட்டார் என்று, அவள் புது உறைக்குச் சொல்லிவைத்தாள்.

இன்று புது உறை வந்துவிட்டது. தண்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். பல்சக்கரத்துக்கு ரப்பரைத் தின்னாத வேறு கிரீஸ் வைத்தாள். மூடப்போகும்போதுதான் பார்த்தாள்: வேகம் கூட்டும் பொத்தான் வலது கைக்காரர்களுக்கென்று வைத்தது. அதைச் சுற்றி இடது கை நகம் கீறிய கோடுகள்.

பொத்தானுக்குப் போகும் ஒயரை வெட்டினாள். கழித்துப் போட்ட தையல் மிஷினின் கால் மிதியைக் கொண்டுவந்து இணைத்தாள்.

அவர் எழுந்து வந்து நின்றார். இதென்ன கூத்து என்று கேட்டார். மிதித்தால் வேகம், காலை எடுத்தால் நின்றுவிடும் என்றாள். அவர் உட்கார்ந்து, மேட்டில் பஸ்ஸை எடுப்பதுபோல மெல்ல மிதித்தார். மோட்டார் கீச்சிடாமல் முனகியது. ஒரு மாதமாகக் காணாத சிரிப்பு மீசைக்குள் எட்டிப் பார்த்தது.

"ஆக்ஸிலேட்டர் சரி. பிரேக் எங்க, மெக்கானிக்கம்மா?"

அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"பிரேக் வைக்கலைங்க. பக்கத்துல ஆள் இருந்தா தேவைப்படாதுன்னு நெனச்சேன். நான் இருக்கட்டுமா?"